பச்சையாகத் தின்ற கீரை

8-12-91, ஞாயிறு. மத்திகிரி.

தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டு மேடம் கொடுத்த லெட்டூஸ் என்ற சீமைக்கீரை விதை, இந்தக் குளிருக்கு என் தோட்டத்தில் நன்றாக வந்திருக்கிறது. பூச்சி விழுந்ததால் நேற்றுதான் மருந்து அடித்தேன். கீரைதானே, கழுவி வேகவைத்துத்தானே தின்பார்கள் என்று இருந்துவிட்டேன். இன்று சாயங்காலம் மேடம் ஓர் இலையைக் கிள்ளி, கழுவாமலே தன் மகள் வாயில் வைத்தார்.

"வேகவெக்க வேணாங்களா?" என்றேன்.

"இத பச்சையாத்தாம்மா சாப்புடணும்."

மருந்து அடித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. குழந்தை இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றது.

அவர்கள் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. டார்ச்சோடு தோட்டத்துக்குப் போய் நானும் ஓர் இலையைத் தின்று பார்த்தேன். கசக்கிறது. மருந்தா, இலையே இப்படித்தானா, தெரியவில்லை. இதற்கு முன் ஒரு தடவையாவது தின்றிருந்தால் தெரிந்திருக்கும்.