அம்மாவின் கட்டுப் பெட்டி

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறோம், இருந்தாலும் நீ ஒரு வரி எழுதிப் போட்டால் நம்பிக்கைக்கு வலு. உன் வேலை நிரந்தரமான சேதி வந்த அன்றைக்கு அம்மா தெருமுனை வரை போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள், அதில் இரண்டு பேருக்கு உன்னை யாரென்றே தெரியாது. சமையலறைக் குழாய் சொட்டுவது ஒருவழியாக நின்றது. மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா, நாற்காலியை மாற்றச் சொல், மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் அழுதால் எனக்கு மேலே பேச வராது. காகிதத்தில் என்றால் அழுது முடித்துவிட்டு மீதியைப் படிக்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்த கதை இது, பயப்படாமல் படி. ஐந்து மாதம் முன்னால் அம்மா துணி வாளியோடு மாடிப்படி இறங்கும்போது கடைசி இரண்டு படியை ஒரு படியாக எண்ணிவிட்டாள். ஆயுளில் அவள் எண்ணிக்கையில் செய்த ஒரே தப்பு அதுதான். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்போது உனக்குப் புது வேலையில் தகுதி பார்க்கும் காலம், சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாய், வேலை நிரந்தரமாகும்வரை மூச்சு விடக் கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் குளிருகிறது என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, குளிரும் இல்லை ஒன்றும் இல்லை, கையை மறைக்கத்தான். இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை, நடுவில் ஒருநாள் அழுததை மட்டும் எழுதக் கூடாது என்றாள். அதனால் அதை எழுதவில்லை.

மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பு கூடியிருந்தது, பிடி கூடவில்லை. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் யாரோ இரவல் கொடுத்த விரல் மாதிரி சொன்ன பேச்சு கேட்காமல் இருந்தன. டாக்டர் பழையபடி முழுப் பலம் வருமென்று உறுதி சொல்ல முடியாது, பயிற்சி செய்துகொண்டே இருங்கள் என்று சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். அதை அம்மா இரண்டு நாள் பிசைந்துவிட்டு ஜன்னலில் வைத்தாள், அங்கேயே இருக்கிறது. வீட்டு வேலை பெரிதில்லை, நான் செய்துவிடுவேன், பாத்திரம் கழுவுவதில் என்னைக் குறை சொல்ல ஆள் இல்லை, அம்மாவைத் தவிர. கவலை எல்லாம் அவளுடைய பஸ் டிப்போ வேலையைப் பற்றித்தான். உனக்குத்தான் தெரியுமே, கண்டக்டர்கள் கொண்டுவந்து கொட்டும் நோட்டை எண்ணுவதற்கு மெஷின் வந்துவிட்டது, கட்டுவதற்குத்தான் இன்னும் கை. நூறு நோட்டை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, மறு கையால் காகிதப் பட்டையை இழுத்துச் சுற்றி, பசை தடவி ஒட்டி, ஒட்டின இடத்துக்குக் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். கட்டு தளர்ந்திருந்தால் வங்கியில் பணம் வாங்கும் அம்மாள் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். இருபத்துமூன்று வருஷத்தில் அம்மா கட்டிய கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கையெழுத்தை அவள் இடக்கையால் பழகிக்கொண்டாள். அமுக்கிப் பிடிக்க இன்னொரு கைக்கு எங்கே போவது.

மேனேஜர் நல்ல மனுஷன், வீட்டுக்கே வந்து சொன்னார். “மேடம், உங்க சம்பளத்துல யாரும் கை வைக்கமாட்டாங்க. பஸ்ஸுல தொலைஞ்ச பொருளெல்லாம் வைக்கிற ரூம் இருக்கில்ல, அங்க மாத்திடறேன். உக்காந்த இடத்துல வேலை. ரிடையராக இன்னும் மூணு வருஷம்தானே.” அம்மா சரி என்று தலையாட்டினாள், அவருக்கு டீ போடச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினாள். மறுவாரம் போய் அந்த அறையில் உட்கார்ந்தாள். தொண்ணூற்று நாலு குடை, ஒற்றைச் செருப்பு, பல் செட்டு ஒன்று. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள், “என்னையும் யாரோ பஸ்ஸுல விட்டுட்டுப் போன மாதிரி இருக்குங்க.” எனக்குச் சுருக்கென்றது. அவள் எதையும் பெரிதுபடுத்திப் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

மின்சாரத்தில் ஓடும் கட்டு மெஷின் கடையில் இல்லாமலில்லை. மேனேஜரே ஒரு கம்பெனி ஆளை வரவழைத்துக் காட்டச் சொன்னார். எங்கள் ஊர் பஸ் நோட்டுகள் நாலாக மடித்தது, எட்டாக மடித்தது, வேர்வையில் ஊறியது, ஐந்தாவது கட்டிலேயே மெஷின் ஒரு நோட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. “புது நோட்டுன்னா பிரமாதமா கட்டும் சார்” என்றானாம். “எங்க கண்டக்டருக்குப் புது நோட்டு யாருப்பா குடுக்கறா” என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் முப்பது வருஷமாக அச்சகத்தில் பைண்டிங் செய்கிறவன். காகிதத்தை அமுக்குவதும் ஒட்டுவதும்தான் என் பிழைப்பு. அமுக்குவதற்குக் கை எதற்கு, கால் இருக்கிறதே என்று தோன்றியது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். உன் படிப்பு மேசையின் இழுப்பறை, இழுத்தால் வராது வந்தால் போகாது என்று திட்டுவாயே, அந்தப் பலகையை அறுத்து நோட்டு அளவுக்கு ஒரு குழி செய்தேன். மேலே ஒரு அமுக்குப் பலகை, நடுவில் பட்டை போக வழி. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் பழைய தையல் மெஷின் பெடல் வாங்கி, சைக்கிள் பிரேக் கம்பியால் பலகையோடு இணைத்தேன். மிதித்தால் பலகை இறங்கி நோட்டை அமுக்கும், இடக்கையாலேயே பட்டையைச் சுற்றி ஒட்டிவிடலாம், காலை எடுத்தால் பலகை எழும்பும். கழிவுத் தாளை நோட்டு அளவுக்கு வெட்டி வைத்துக் கட்டிப் பார்த்தேன், செங்கல் மாதிரி நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் காட்டினால் அவள் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு “ம்” என்றாள். அந்த “ம்”மை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மறுநாளே டிப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேனேஜர் வந்தார், கண்டக்டர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அம்மா உட்கார்ந்து நோட்டை அடுக்கி, மிதித்து, ஒட்டி, காலை எடுத்தாள். கட்டைத் தூக்கினாள். எல்லோர் கண்ணெதிரிலும் பசை மெல்ல வழுக்கிப் பட்டை பிரிந்தது, நோட்டெல்லாம் அரைவட்டமாக விரிந்தது. ஸ்பீக்கர் என்று ஒரு கண்டக்டர், தொண்டை அப்படி, அவன் “அண்ணே, இது கட்டா விசிறியா” என்று கேட்டான். அவன் கெட்டவன் இல்லை, கேட்டுவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சிரித்தவர்கள் சிரித்தாகிவிட்டது. அம்மா நோட்டைப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு, குடை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஏற முகமில்லை.

மூன்று நாள் வீட்டில் உப்பு புளி தவிர வேறு பேச்சில்லை. உதவி செய்கிறேன் என்று போய் நாலு பேர் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று எனக்கு, என் உழைப்பு வீணாயிற்றே என்று அவளுக்கு. இது பின்னால்தான் தெரிந்தது, அப்போது அவள் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்தேன். நாலாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளாக ஆரம்பித்தாள். “இங்க பாருங்க, நீங்க கட்டிப் பழகினது தாளு. நோட்டு தாளு இல்லீங்க, துணி. மழையையும் வேர்வையையும் குடிச்சிருக்கும். அமுக்கினா உடனே அடங்காது, முரட்டுப் பிள்ளை மாதிரி. கொஞ்ச நேரம் அமுக்கியே வெச்சிருக்கணும். அதுக்குள்ள பசையும் காஞ்சிடும்.” இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்றது” என்றாள்.

அன்றைக்கே பெட்டியைப் பிரித்தோம். இந்த முறை அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மிதித்ததும் பலகை இறங்கி அப்படியே நிற்க ஒரு கொக்கி. காத்திருக்கும் நேரம் வீணாகாமல் இருக்க ஒரு குழிக்கு இரண்டு குழி, இரண்டு பெடல். “ஒண்ணு அடங்கிட்டு இருக்கட்டும், இன்னொண்ணுல நான் அடுக்கறேன்” என்பது அவள் யோசனை. என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்தேன். எங்கள் அச்சகத்தில் பரீட்சை வினாத்தாள் உறைக்கு ஒட்டும் பட்டையில் குறுக்கே சின்னச் சின்னக் கீறல் போடுவோம், யாராவது நைசாக உரிக்கப் பார்த்தால் கீறல் வழியே கிழிந்து காட்டிக் கொடுத்துவிடும். அதே கீறலைப் பணப் பட்டைக்கும் போட்டேன். அம்மா முதல்முறையாக என்னைப் பார்த்து “பரவாயில்லையே” என்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாம் தடவை நான் போக மாட்டேன் என்றுதான் சொன்னேன், அம்மா விடவில்லை. இந்தத் தடவை ஸ்பீக்கரே வந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான். அம்மா நிதானமாகக் கட்டினாள், மாற்றி மாற்றி மிதிக்கும்போது தறியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதல் கட்டு வெளியே வந்ததும் மேனேஜர் அமுக்கிப் பார்த்தார், உதறிப் பார்த்தார். ஸ்பீக்கர் அதை வாங்கிக்கொண்டு போய் மாடி வராந்தாவிலிருந்து கீழே போட்டான். கட்டு ஒரு பஸ் டயர் பக்கத்தில் தொப்பென்று விழுந்து, விழுந்தபடியே கிடந்தது. ஒரு நோட்டுகூட மூக்கை நீட்டவில்லை. ஓடிப்போய் எடுத்து நகத்தால் பட்டையை நோண்டினான், கீறல் வழியே கிழிந்தது. “அக்கா, இதுல கை வெச்சவன் மாட்டிக்குவான்” என்று அவன் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் எழுந்து வந்துவிட்டார். அம்மா மறுநாளே பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் ஆகிறது, வங்கியிலிருந்து ஒரு கட்டும் திரும்பவில்லை. அந்த அம்மாள் வண்டி டிரைவரிடம், இப்போதெல்லாம் யார் கட்டுகிறார்கள் என்று விசாரித்தாளாம். முன்னால் கட்டினவங்கதான் என்று அவர் சொன்னாராம்.

ஆபீஸ் சாமான் பதிவேட்டில் எழுத வேண்டும், இதற்கு என்ன பெயர் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அம்மா யோசிக்காமல் “கட்டுப் பெட்டி” என்றிருக்கிறாள். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் அவளுக்கே உறைத்ததாம். “பெட்டியைச் சொன்னேன், என்னையில்ல” என்றாளாம். நல்லவேளை, மேனேஜர் நடுவில் இடம் விட்டு எழுதினார். இப்போது பக்கத்து இரண்டு டிப்போக்களிலும் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். பலகை வாங்கியாகிவிட்டது, உன் மேசையின் மற்ற இழுப்பறைகளைத் தொடமாட்டேன். அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலை அம்மாவுக்கு, அதற்காகப் புதிதாக ஒரு கைப்பையும் வாங்கியிருக்கிறாள்.

இதுவரை எழுதியதை, அந்த அழுகை வரியை மட்டும் தாண்டிவிட்டு, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பல் செட்டை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டாள், மற்றபடி சரி என்றாள். இனி எழுதுவது தபால் ஆபீஸில் நின்றுகொண்டே எழுதுவது, கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நேற்றுச் சாயங்காலம் அவளை அழைத்துவர டிப்போவுக்குப் போனேன். அவள் உட்காரும் பணக் கூண்டின் கம்பிக்கு வெளியே கண்டக்டர்கள் வரிசையில் நின்றார்கள், நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. யாரோ அவசரப்படுத்தினான், “இருப்பா, ரெண்டு நிமிஷத்துல உன் பஸ் ஓடிடாது” என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள், இடக்கையால் பட்டையைச் சுற்றினாள். ஒட்டின இடத்தை நீவிவிட்டாள் பார், அது வலக்கை. கட்டை விரலை அழுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு இழுப்பு. அடுத்த கட்டுக்கும் அதே. வரிசை முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன், பதினோரு கட்டு, பதினொன்றுக்கும் அந்த விரல்தான் போயிற்று. அவளுக்கு இன்னும் தெரியாது. சொன்னால் கவனிக்க ஆரம்பித்துவிடுவாள், கவனித்தால் அது தயங்கிவிடுமோ என்று எனக்குப் பயம், வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டே வந்தேன். நீயும் போனில் பேசும்போது கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி அண்டாமல் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை, ஆனால் அம்மா அங்கே வரும்போது கண்ணில் படாத இடத்தில் வை.

இருவர் தலையிலும் கை வைத்து,
அப்பா.