முடிகிற மெட்டு

வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா?

நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்லி மாயாஜாலச் சாகச விளையாட்டு ஆடும் இணையத்தொடருக்கு இசையமைக்கிறேன் அல்லவா? அதில் பூதம் காக்கும் குகைக் கதவுக்கு ஒரு மெட்டுப் போட்டேன். ஆடுகிறவர்கள் எவ்வளவு நேரம் யோசிப்பார்களோ தெரியாது, அதனால் மெட்டு முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் இயக்குநர். முடியாதது மெட்டே இல்லை என்றேன்.

"பெரியவரே, பிடிவாதம் பிடிச்சா வேற ஆளைப் பார்ப்போம்."

"தாராளமா பாருங்க. எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை. நீங்களும் சொல்லித் தர வேணாம்."

நேற்றைய படப்பிடிப்பில் மெட்டை ஓடவிட்டார்கள். நால்வரில் வாயாடியான பெண், கதவைத் திறக்கப் பகடையை எடுக்கப் போனவள், "இருங்கப்பா, இது முடியட்டும்" என்று கையை இழுத்துக்கொண்டாள். நால்வரும் கடைசிச் சுரம்வரை காத்திருந்து கேட்டார்கள். இயக்குநரும்தான். மெட்டு அப்படியே இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

அடுத்து சூனியக்காரியின் அடுப்படி வருகிறது. நீ கோபத்தில் பாத்திரம் உருட்டும் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து அனுப்பு. வேலைக்காகத்தான் கேட்கிறேன். கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். பதிவின் நடுவில் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, அதை வெட்டமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்