ஜெனியை ஏற்றாத பஸ்

செப். 7, ஞாயிறு

விடியும்போதே மண்காற்று. இந்த அரபு ஊரு, கோபார் முழுக்க மஞ்சள். நைட் டியூட்டி முடிஞ்சு வந்து இறங்கினா சந்து முனையில என் பிள்ளை ஜெனி. இங்க ஞாயிறும் ஸ்கூல் உண்டே; யூனிஃபார்ம், முதுகில பை, முகமெல்லாம் மண்ணும் கண்ணீரும். அவ அப்பா சேவியர் இவளை நிறுத்திட்டு வேலைக்குப் போயாச்சு. அதுக்கப்புறம் எங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு விடுற ஸ்கூல் பஸ் வந்திருக்கு. ஆயா படியிலேயே மறிச்சிருக்கா. "உன் பேரு இல்ல மோளே, மாறி நில்லு."

மேல் மாடி டாக்டருக்க பையன் மட்டும் ஏறிப் போயிட்டானாம். ஒரே கட்டிடம், ஒரே படிக்கட்டு. டாக்டர் பிள்ளைன்னா கால் வலிக்கும், நர்ஸ் பிள்ளைன்னா வலிக்காதோ? சவத்து மூதிகள்.

உறக்கம் இல்ல. மீன் வாங்கல. முட்டை பொரிச்சேன்.

செப். 8, திங்கள்

டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். வர்கீஸ் சார்தான் அங்க இன்-சார்ஜ். எழுந்திருக்கக்கூட இல்ல.

"ஸ்கூல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள வீடுன்னா பஸ் கிடையாது சிஸ்டர். புது ரூல். உங்க வீடு உள்ள வருது. பிள்ளை நடக்கலாம்."

"நடுவில ஹைவே கிடக்கு சாரே. எட்டு வயசுப் பிள்ள பறந்தா போவா? மேல் மாடிக்காரன் மட்டும் எப்படி வெளிய?"

"லொகேஷன் அப்படித்தான் காட்டுது. பாருங்க." போனை நீட்டினான்.

பாக்க யாருக்கு வேணும். தட்டி விட்டேன். மேசையில ஸ்டேப்லர் இருந்துச்சு, எடுத்து எறிஞ்சேன். அவன் காதை ஒட்டிப் போய் சுவரில பட்டுது. காரை பெயர்ந்துச்சு. சீ, மண்டையில பட்டிருக்கணும். எழுதும்போதும் அப்படியே தோணுது, கர்த்தரே.

வார்னிங் லெட்டர் வரும்னு எல்லாரும் சொல்றாங்க. வரட்டும்.

செப். 9, செவ்வாய்

ஆஃப். நானே நடத்திக் கூட்டிட்டுப் போனேன். டாக்சி காத்துக் காத்து மணி ஆச்சு, ஒண்ணும் நிக்கல. வெயில் ஏறிட்டு. ஹைவேயில பாதி கடந்தோம். ஜெனி கையை உருவிட்டா. ஒரு பிக்கப் பறந்து வந்து அவ பையை அடிச்சு இழுத்துட்டுப் போச்சு. பையை மட்டும். டிபன் பாக்ஸ் நசுங்கி தகடாப் போச்சு, சோறு ரோடெல்லாம். வண்டிக்காரன் நிறுத்தி "மஜ்னூன்! மஜ்னூன்!"னு கத்தினான். பைத்தியமாம் நான்.

பிள்ளை நின்ன இடத்திலேயே மூத்திரம் போயிட்டா. நான் என்ன செய்தேன்? கட்டிப் பிடிச்சேனா? கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டேன். "ஏட்டி, கைய ஏன் விட்ட?" அஞ்சு விரலும் பதிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து நான் அழுதேன், அவ அழல.

சேவியர் வந்து கன்னத்தைப் பாத்தாரு. பையைப் பாத்தாரு. "நாளைக்கு நான் பஸ்ல ஏத்தி விடுறேன்"னாரு. அவ்வளவுதான்.

செப். 10, புதன்

காஷுவாலிட்டி டியூட்டி. ஒரு ஆளைத் தாங்கிக் கூட்டிட்டு வந்தாங்க. கீழுதடு ரெண்டாப் பிளந்து தொங்குது, முன்பல்லு ஒண்ணு உள்ளங்கையில. சட்டையெல்லாம் ரத்தம். பாத்தா ரஹ்மத் பாய். நம்ம ஸ்கூல் பஸ் டிரைவர்.

பஞ்சை அமுக்கிப் பிடிச்சது நான். தையல் போட ஊசி எடுத்துக் கொடுத்தது நான். யாரு அடிச்சதுன்னு டாக்டர் கேட்டாரு. ரஹ்மத் பாய் என்னைப் பாத்தாரு, கையை நீட்டி என்னையே காட்டினாரு. சேவியர்தான்னு அப்பதான் விளங்கிச்சு.

கூட வந்த ஆயா சொன்னது: சேவியர் ஜெனியைத் தூக்கி சீட்ல உக்கார வச்சிருக்காரு. ஆயா இறக்கப் போயிருக்கா. டிரைவர் எழுந்து வந்து, "பாய், என் கையில ஒண்ணும் இல்ல, ஆபீஸ்ல போய்ப் பேசு"ன்னு இந்தியில சொல்லியிருக்காரு. அவ்வளவுதான் சொன்னாரு. பஸ் முழுக்கப் பிள்ளைகள் அலற அலற, சேவியர் அவரை சீட்டுக்கே தள்ளிட்டுப் போய் ஸ்டியரிங்ல முகத்தை மோதியிருக்காரு.

சேவியர் இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல. போன் ஆஃப்.

செப். 11, வியாழன்

வர்கீஸ் காலில விழலாம்னுதான் போனேன். அவன் மேசைக்கு அந்தப் பக்கமே நின்னான். கிட்ட வரப் பயம். தூரத்தில இருந்தே போனைக் காட்டினான். "இப்பவாவது பாருங்க சிஸ்டர்."

ஹைவேக்கு எதிர்ப் பக்கம், பக்காலா, அதான் மளிகைக் கடை வாசல்ல, எங்க வீடுன்னு ஒரு சிவப்புப் புள்ளி. வாட்ஸ்அப்ல நானே அனுப்பின லொகேஷன்.

டாக்சிக்காரனோ சாப்பாடு கொண்டு வர்றவனோ எவனும் யூ-டர்ன் அடிச்சு எங்க சந்துக்குள்ள வரமாட்டான். அதனால எல்லாருக்கும் அந்தக் கடையைத்தான் அனுப்புவேன். அவங்க அங்க நிப்பாங்க, நான் ரோட்டைத் தாண்டி ஓடுவேன். ஆஸ்பத்திரியில வீட்டு லொகேஷன் கேட்டப்பவும் கை பழக்கத்துல அதையே அனுப்பியிருக்கேன். டாக்டர் வீட்டுக்காரங்க வீட்டை அனுப்பியிருக்காங்க.

அங்கேயே நின்னு, போன்ல புள்ளியை எங்க வீட்டுக்கு மாத்தி ஸ்கூல் வரைக்கும் அளந்தான். ரெண்டுக்கு மேல. "ஞாயிற்றுக்கிழமை பஸ் வரும்."

"சேவியர்?"

"அது ரஹ்மத் மன்னிச்சு எழுதிக் கொடுத்தாத்தான். இல்லேன்னா ஜெயில், அப்புறம் ஊருக்கு அனுப்பிருவாங்க."

திங்கக்கிழமையே பாத்திருந்தா. ஒரு நிமிஷம். எனக்க திமிரு.

செப். 12, வெள்ளி

இந்த நாட்டில நம்ம ஜெபம் வெளிய கேக்கக்கூடாதே; கதவடைச்சு, குரல் வெளிய போகாம ஜெபமாலை. மனசு நிக்கல. அப்படியே ரஹ்மத் பாயும் மத்த டிரைவர்களும் தங்குற கேம்புக்குப் போனேன். ஜூஸ் வாங்கிட்டுப் போனேன். ஸ்ட்ரா வச்சாத்தான் குடிக்க முடியும் அவரால.

எல்லாம் சொன்னேன். லொகேஷன் விஷயமும். கை கூப்பினேன். வீங்கின வாயால ஒவ்வொரு சொல்லா வந்துச்சு. "நான் என்ன தப்பு செஞ்சேன்? பிள்ளைங்க முன்னாடி அடிச்சான்." அப்புறம், "மாஃபி, இல்லவே இல்ல. மன்னிப்பு இல்ல. போ." ஜூஸைத் திருப்பித் தந்துட்டாரு. நியாயம்தானே.

செப். 14, ஞாயிறு

காற்று இல்ல. நல்ல வெயில். பஸ் வந்துச்சு. ரஹ்மத் பாய்தான். உதட்டில கறுப்புத் தையல். என் பக்கம் திரும்பல.

"ஜெனிஷா சேவியர், ஏறு மோளே"ன்னு ஆயா கூப்பிட்டா. ஜெனி ஏறல. "அப்பா வரட்டும்." கெஞ்சினேன். பிடிச்சு இழுத்தேன். கம்பியைப் பிடிச்சுட்டு அலறினா. பஸ்ஸுக்குள்ள எல்லாப் பிள்ளையும் பாக்குது. இந்த சீட்டுக்காக அப்பன் உள்ள கிடக்கான், இவ ஏற மாட்டாளாம். வெப்ராளம் தலைக்கேறி கையை ஓங்கிட்டேன்.

ரஹ்மத் பாய் இறங்கி வந்து நடுவில நின்னாரு. என் மணிக்கட்டைப் பிடிச்சாரு. முறைச்சாரு.

ஜெனி அவருக்க பின்னால ஒளிஞ்சா. அவர் சட்டையைப் பிடிச்சுட்டு. என்னைப் பாத்துப் பயந்து.