சுவர் இல்லாத தெருவுக்கு ஒரு வண்டி

அக்கா,

வீட்டின் முன்கூடம், நம் பட்டாசல் முழுக்கப் புது ரப்பர் வாசனை. நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி வண்டி நேற்று சாயங்காலம் எனக்கும் வந்து இறங்கியது; அதன் டயர் வாசனை. உன் வண்டி வந்த அன்றும் வீடு இப்படித்தான் மணத்தது. மூக்கு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் முட்டி போய்விட்டது. போன வாரம் திருநெல்வேலி டவுனில் உன் வண்டியை எடுத்த அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குக் கேட்ட கேள்வியையே கேட்டார். “எங்கன ஓட்டப் போறிய அண்ணாச்சி? வீட்டுக்குள்ளயா, தெருவுலயா?”

“தெருவுலதான். மார்க்கெட் வரைக்கும் போணும்லா” என்றேன். அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. சீ, என்ன மனுஷன் நான்!

இடுப்பு எலும்பு ஒடிந்து நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வருஷம் அது. அத்தான் போன பின்னால், விக்கிரமசிங்கபுரத்தில் என்னோடு வந்து இருந்தாய். மில்லில் அத்தனை வருஷம் நின்றே வேலை பார்த்தவளுக்கு வீட்டுக்குள் அடைந்து கிடப்பது எப்படி இருந்திருக்கும்! வண்டி வாங்கலாம் என்று நான் சொன்னதும் உன் முகம் மலர்ந்ததே. “மேடு பள்ளத்துல அடி தட்டாமப் போணும்லே. முன்னால காய்கறிப் பை வைக்க எடம் வேணும்” என்றாய். காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாய்.

“நீ எதுக்குக்கா பஸ்ஸுல அலையுத? நான் பாத்து எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். ஆட்டோ பிடித்திருக்கலாம். தோன்றாமல் இல்லை.

கடையில் இரண்டு வண்டி. ஒன்று சிவப்பு. நான்கு பெரிய சக்கரம், உயரமான அடிப்பாகம், முன்னால் கூடை. இன்னொன்று சாம்பல் நிறம். மூன்று சின்னச் சக்கரம், அறைக்குள் வளைந்து திரும்பும், விரலளவு மேடு வந்தால் நின்றுவிடும். “ஓட்டுதவங்களயும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? உக்காந்து பாத்தாத்தான தெரியும்” என்றார் கடைக்காரர். உன்னால் வர முடியாது என்று பொய் சொன்னேன். சிவப்பு வண்டியில் நீ நம் தெருவில் வருவதை நினைத்துப் பார்த்தேன். டீக்கடையே திரும்பிப் பார்க்கும். “அக்காளுக்கு என்னவே ஆச்சு?” என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது அக்கா. உன்னை நினைத்துத்தான் கூச்சப்பட்டேன். “வீட்டுக்குள்ள ஓட்டத்தான்” என்று கடைக்காரரிடம் சொல்லி, சாம்பல் வண்டியை எடுத்தேன்.

நீ அதில் உட்கார்ந்து பட்டாசலை ஒரு சுற்றுச் சுற்றினாய். நேரே வாசலுக்கு வந்து நிறுத்தினாய். “ஏலே, இது படி தாண்டுமா?”

“எதுக்குத் தாண்டணும்? வீட்டுக்குள்ள ஓட்டதுக்குத்தான வாங்கியிருக்கு.”

கையை நீட்டித் தெருவைக் காட்டினாய். “வீட்டுக்குள்ள எனக்குச் செவரு இருக்குலே. பிடிச்சிக்கிட்டுப் பைய நடந்துருவேன். தெருவுலதான் பிடிக்கதுக்கு ஒண்ணுமில்ல.” அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாராவது வீட்டுக்கு வந்தால் வண்டியை மூலைக்குத் தள்ளி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடுவேன். நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். கடைசி வரை சுவரைப் பிடித்துத்தான் நடந்தாய். கால் கிலோ வெண்டைக்காய்க்கு ஒவ்வொரு காயாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் நீ. உன் வண்டியை மட்டும் உன்னைப் பார்க்க விடாமல் நான் எடுத்தேன். நான் வாங்கி வருகிற முற்றல் காயை எல்லாம் பேசாமல் நறுக்கினாய்.

எனக்கென்று வந்ததும் எத்தனை பவுசு! போன வாரம் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். சீட் திரும்புகிறதா, கை எட்டுகிறதா, சரிவில் பிடித்து நிற்கிறதா, எல்லாம் கேட்டேன். நான்கு சக்கரம், முன்னால் கூடை. நிறமும் சிவப்புதான்.

இன்று காலை அதில் மார்க்கெட்டுக்குப் போனேன். டீக்கடையில் இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான் அக்கா. அந்தப் பார்வைக்காகத்தான் உன்னை வீட்டுக்குள் வைத்திருந்தேன்.

நீ வழக்கமாக வாங்குகிற காய்க்கடைக்காரி என்னைப் பார்த்துவிட்டாள். “வாங்க அண்ணாச்சி. வண்டி நல்லாருக்கே! அக்கா இருக்கும்போதே இப்பிடி ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கலாம்லா? நடக்க முடியலன்னுதான அக்கா இங்க வராமலே போச்சு?”

நான் வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தேன். ஒடியாமல் வளைந்தது, முற்றல். அதைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

“வாங்கலாம்னுதான் போனேன் தாயி. நாலு பேரு பாப்பாங்கன்னு வெக்கப்பட்டு, தெருவுக்குப் போக முடியாத வண்டியா பாத்து வாங்கிட்டேன்” என்றேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடம் சொன்னேன்.

நான் ஒடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காய்களை அவள் தராசில் நிறுத்து, பையில் கொட்டி, வண்டிக்கு முன்னால் இருந்த கூடையில் வைத்தாள். நீ பை வைக்கக் கேட்ட இடம் அது.