உன்னைக் கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எங்களைவிட இரண்டு மடங்கு சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் காலையில் எழுந்திருக்கிறோம். அம்மாவுக்குக் கண் கட்டுப் பிரித்தாகிவிட்டது, இப்போது எந்த மூலையில் தூசி இருந்தாலும் தெரிகிறது, அதனால் கஷ்டம் எனக்குத்தான். மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. போனில் பேசாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் மூன்று தடவை சொல்லப் பார்த்தேன் அம்மா, உன் குரலைக் கேட்டதும் அங்கே குளிரா மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நீயே சிரித்தாய், "என்னப்பா, வானிலை ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டீங்களா" என்று. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி. முதலில் கோபம் வரும். வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

போன மாதம் நீ எழுதியிருந்தாயே, விடுமுறைக்கு வரும்போது குழந்தைக்கு நம் சபையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம், உங்களுக்காக அப்பா என்று. அம்மா அதைப் படித்துவிட்டுத் தெருவுக்கே சொல்லிவிட்டாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், ஆனால் உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதை உங்கள் சபை ஒப்புக்கொள்ளாது, அவன் வளர்ந்து தானாகக் கேட்டுத் தண்ணீரில் முங்கி எழ வேண்டும் என்பது உன் நம்பிக்கையும்தான். அதை எனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்கிறாய். மாப்பிள்ளை அரை மனசோடுதான் சம்மதித்தார், அங்கே சபையில் எங்களைக் கொஞ்ச காலம் திருவிருந்தில் சேர்த்து அப்பமும் ரசமும் தர மாட்டார்கள், பரவாயில்லை அப்பா என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். அந்தப் பரவாயில்லை இருக்கிறதே, அது என்னை ஒரு வாரம் சாப்பிட விடவில்லை. ஏனென்றால் நீ அப்படி ஒன்றும் விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை. நீ எனக்குத் தர நினைப்பதை நான் பத்து மாதத்துக்கு முன்பே உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நான் அங்கே வந்திருந்தபோது குழந்தைக்கு நாற்பது நாள், மூச்சு இரைத்ததே, அந்த மத்தியானம். மாப்பிள்ளை வண்டியை எடுக்கக் கீழே ஓடினார், நீ உள்ளறையில் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாய், பிள்ளை என் கையில். சமையலறைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், அவன் உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. முப்பத்தாறு வருஷம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவன், அந்த நிறம் எனக்குத் தெரியும். போதகர் வந்து சேர நேரமில்லாத எவ்வளவோ குழந்தைகளுக்குக் கடைசி நேரத்தில் இந்தக் கையால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன், எல்லாம் பெற்றவர்கள் கேட்டுக் கொடுத்தது. கேட்காமல் செய்த ஒரு புது நர்ஸை வராந்தாவில் நிறுத்தி அழவைத்தவனும் நான்தான். ஊருக்குத்தானே உபதேசம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், ஆடியது. குழாயைத் திறந்து அவன் நெற்றியில் மூன்று முறை தண்ணீர் விட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, என் சட்டையிலேயே துடைத்தேன். அரை நிமிஷம் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழுதான், உதட்டில் கொஞ்சம் சிவப்பு வந்தது, நீ பையோடு ஓடிவந்தாய். அதன் பிறகு ஆஸ்பத்திரி, நாலு நாள் ஆக்சிஜன், எல்லாம் உனக்குத் தெரியும்.

செய்தது ஒரு தப்பு என்றால், அதன் பிறகு மனதுக்குள் வளர்த்தது அதைவிடப் பெரிய தப்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்தக் குழந்தையும் அழும், அழுதால் கொஞ்சம் காற்று உள்ளே போகும், இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் கொடுத்த ஞானஸ்நானம்தான் அவனைப் பிழைக்க வைத்தது என்று ரகசியமாகப் பெருமைப்பட்டேன். உன் மாமனார் அவர்கள் சபையில் எழுந்து நின்று, ஆள் மாற்றி ஆள் இரவும் பகலும் செய்த எங்கள் சங்கிலி ஜெபத்தால்தான் பேரன் பிழைத்தான் என்று சாட்சி சொன்னதாகக் கேள்விப்பட்டபோது, உங்களுக்கு என்னய்யா தெரியும் என்று உள்ளுக்குள் சிரித்தேன். சம்பந்தியைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வரும். கை தட்டிப் பாடுகிறவர்கள், கத்தி ஜெபிக்கிறவர்கள் என்று ஏற்கெனவே எனக்கு ஓர் இளக்காரம் உண்டு, அதற்கு மேல் இது வேறு.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், உன் கடிதம் வந்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. முதலில் நம் போதகரிடம் போனேன். புதிதாக வந்தவர், உன் வயதுதான் இருக்கும். அவர் சுற்றிவளைக்காமல், "நம்ம முறைப்படி அது செல்லும்யா, இன்னொரு தடவை கொடுக்க முடியாது. ஆனா பெத்தவங்களக் கேக்காம செஞ்சது தப்புதான்" என்றார். பதிவேட்டில் எழுத உங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றார், நான் எழுதவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவள், "ஒரு ரகசியம் பத்து மாசம் உங்க வயித்துல தங்கினது இதான் முதல் தடவை" என்றாள். அப்புறம், போய்ச் சம்பந்தியிடம் சொல்லிவிட்டு வாருங்கள், அதற்கு முன்னால் வீட்டில் ஏறாதீர்கள் என்று செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

சம்பந்தியின் தையல் கடையில் பள்ளிக்கூடச் சீருடை மலைபோலக் குவிந்து கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் மிஷினை நிறுத்தினார், கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சொன்னார், "எங்க சபையில அத ஞானஸ்நானம்னே ஒத்துக்க மாட்டோம் சம்பந்தி, அதனால அந்தத் தண்ணி மேல எனக்குக் கோபமில்ல. யாரும் கேக்காததச் செஞ்சீங்க. உங்க பொண்ணு வாங்கன்னு கேட்டப்ப மட்டும் வரமாட்டேன்னு வீட்டுலயே உக்காந்துகிட்டீங்க." உன்னுடைய ஞானஸ்நானத்தைத்தான் சொன்னார். குழந்தையில் உன்னை நான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்த ஞானஸ்நானம் போதாதா, இன்னொன்று எதற்கு என்று அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டேன் அல்லவா. நீ தண்ணீரிலிருந்து ஏறி வந்ததும் யாரையும் பார்க்காமல் கேட் பக்கமே பார்த்தாயாம், பாட்டு முடிகிறவரை பார்த்தாயாம், அதை அவர் சொல்கிறவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்க் கையில் கிடைத்த வெட்டுத்துணியைக் கொடுத்தார், முகமெல்லாம் நீல நூல் ஒட்டிக்கொண்டது, அதைப் பார்த்துவிட்டு மனிதர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார், நானும் சிரித்தேன். அப்புறம் அவரே சொன்னார், "நானும் யோக்கியமில்ல. அவ்வளவு நீளமாச் சாட்சி சொன்னேன், பிள்ளைக்கு ஆக்சிஜன் மாஸ்க் மாட்டின டாக்டரம்மாவப் பத்தி ஒரு வார்த்த வரல." இன்னொன்றும் ஒத்துக்கொண்டார். உன் கல்யாணத்திலிருந்து அவர்கள் ஜெபப் பட்டியலில் என்னை இரட்சிக்கப்படாதவர்கள் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாராம், நான் என்னவோ பெரிய குடிகாரன் மாதிரி! வேறு நாளாக இருந்தால் சண்டைதான். இப்போது எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "எடுக்கல சம்பந்தி, நோயாளிங்க பக்கத்துக்கு மாத்திட்டேன், உங்க முதுகுவலிக்காக" என்றார். வீட்டுக்கு வந்து அன்று மத்தியானம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். இத்தனை நாள் நெஞ்சில் எவ்வளவு கனம் இருந்தது என்று இறங்கின பிறகுதான் தெரிகிறது.

ஆகையால் மகளே, விடுமுறைக்கு வா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா, எந்தச் சபையிலும் எதையும் செய்ய வேண்டாம். உன் திருவிருந்தை எனக்காக நீ இழக்கக் கூடாது. எங்கள் முறைப்படி அவன் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, உங்கள் முறைப்படி இன்னும் பெறாத பிள்ளை, இரண்டும் அப்படியே இருக்கட்டும், இதற்காக நானும் சம்பந்தியும் சண்டை போடப் போவதில்லை. என் நம்பிக்கையை நான் மாற்றிக்கொள்ளவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது சரி என்று நினைப்பதற்கும், மற்றவர்கள் நம்பிக்கையின் மேல் கை வைப்பதற்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது, கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதை நான் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் அம்மா. மாப்பிள்ளையும் மன்னிக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துத் தனியாகவும் கேட்பேன்.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், போகும்போதும் வரும்போதும் கூட இருக்கட்டும். பேரனுக்கு அடுத்த தடுப்பூசிக்கு நாள் வந்துவிட்டது, சளி இருக்கிறது என்று நீயாகத் தள்ளிப்போடாதே, டாக்டரைக் கேள். காரில் அவனை மடியில் வைத்துக்கொள்ளாதே. அம்மாவின் முத்தங்கள்.

இன்னொன்று. இன்னும் பதினைந்து வருஷமோ இருபதோ, ஒரு நாள் அவன் தானாக வந்து, நான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று உன்னிடம் கேட்கலாம். இது தேவையில்லாதது என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றும், தோன்றினால் தோன்றட்டும். உயிரோடு இருந்தால் வருவேன், யார் சொன்னாலும் வீட்டில் உட்கார மாட்டேன். அவன் ஏறி வரும் படியில் துண்டை விரித்துக்கொண்டு நான் நிற்பேன். நீ கேட் பக்கம் பார்க்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
அன்று வராமல் போன உன் அப்பா