இழுத்தால் அவிழும் முடிச்சு

எல்லோரையும் முந்தி ஓடிய என் ரேணு அக்காவுக்கு,

இன்றைக்குக் காலையில் கீழ் லயத்து வீடுகளின் நாய்கள் என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். கறுப்பு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாம்பல் மேட்டில் மறுபடியும் சுருண்டுகொண்டது. போன மாதம் இதே நாய்தான் என்னைக் கோயில் வரைக்கும் துரத்தியது.

ஆமாம் அக்கா, நான் ஓடுகிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நீ ஓடும்போதெல்லாம் உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றவள் நான். ஒருமுறை ஆள் போதாமல் என்னையும் கோட்டில் நிறுத்தினார்கள். விசில் ஊதிய பிறகும் நான் அப்படியே நின்றேன். அத்தனை பேர் பார்க்கும்போது எப்படிக் காலைத் தூக்குவது? பத்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியபோது, இனிமேல் பெயர் கூப்பிட்டால் எழும்பிப் பதில் சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

உன்னை மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்று லயத்தில் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "ஓட்டத்துல அந்தப் புள்ளய யாரும் புடிச்சதில்லயே. அது எப்படிக் குளவிகிட்ட மாட்டுச்சு?" எனக்கும் விளங்கவில்லை. உன் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த பாக்கியம் அத்தைதான், கருமாதி முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கூடையக் கழட்டி வீசிருச்சுடி. படங்குதான் அவுரல. மழையில நனைஞ்சு கயிறு இறுகிப்போச்சு. அதோடயே ரெண்டு எட்டு வச்சுச்சு, விழுந்துருச்சு. எந்திரிச்சு மறுபடியும் அந்த முடிச்சத்தான் அவுத்துக்கிட்டு நின்னுச்சு."

தேயிலை வாது கிழிக்காமல், பனி நனைக்காமல் இருக்க இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் சுற்றிக் கட்டும் அந்தப் படங்குச் சாக்கு. சரிவில் நழுவக் கூடாது என்று எல்லோரும் அதற்கு ரெட்டை முடிச்சுத்தான் போடுகிறார்கள். அம்மா போடும் முடிச்சைத்தான் நீயும் போட்டாய். அத்தை சொன்னதை இன்றுவரை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது அக்கா. தோட்டத்தில் பேர் பதிந்தாயிற்று. நாளைக் காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும். எந்த மலைக்கு யார் என்று கங்காணி அங்கேதான் பிரித்து அனுப்புவார். இந்த வாரம் கொழுந்து எடுப்பது ஏழாம் நம்பர் மலையில். நீ விழுந்த மலை.

அதற்காகத்தான் ஓடிப் பழகினேன். சும்மா ஓடவில்லை, படங்கைக் கட்டிக்கொண்டு ஓடினேன். எல்லோரும் எழும்புவதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நம் லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை எப்போது சும்மா இருந்தது?

"என்னாடி, பெரட்டே அடிக்கல. அதுக்குள்ள படங்கக் கட்டிக்கிட்டு எங்க ஓடுற?"

"சித்திரை வருசத்துக்கு மரதன் ஓட்டம் ஓடப் போகுதாம். கப்போடதான் வரும் பாரு."

"கப்பு என்னாத்துக்கு? அந்தப் படங்குலயே பரிசு அரிசியக் கொட்டிக் கட்டி அனுப்புவாங்க."

குடங்களை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே ஓடினேன். எதற்கு ஓடுகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சொல்ல வாய் வரவில்லை.

முதல் வாரம் கோயிலைத் தாண்ட முடியவில்லை. படங்கு காலைத் தட்டித் தட்டி விழுத்தியது. முழங்கால் தோல் உரிந்து, பாவாடை ஒட்டிக்கொண்டது. பாண் ரொட்டி விற்கும் த்ரீவீல்காரர் பாட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து, "நங்கி, ஹெமின், ஹெமின்" என்று சிரித்தபடி முந்திப் போனார். தங்கச்சி மெதுவாகப் போகட்டுமாம், சிங்களத்தில் சொல்கிறார். அதைவிட மெதுவாக எப்படிப் போவது?

பிறகு ஒருநாள் பாக்கியம் அத்தை மாடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றை மடித்துச் செருகி, ஒரு நுனியைத் தொங்க விடுகிறாள். மாடு எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. அந்த நுனியை நாம் இழுத்தால் உடனே அவிழ்ந்துவிடும். அதே முடிச்சை என் படங்குக்குப் போட்டேன். ஓடிக்கொண்டே இழுக்கப் பழகினேன். படங்கு விழும், அதைத் தாண்டிக் குதித்து ஓட வேண்டும். ஆரம்பத்தில் குதிக்கும்போதே விழுந்தேன். இப்போது விழுவதில்லை. போன வாரம் பாண் பாட்டு கேட்டபோது நான் தேயிலை அரைக்கும் ஸ்டோரையே தாண்டியிருந்தேன். இந்த முறை த்ரீவீல்காரர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். நீதான் பின்னால் வருவதுபோல இருந்தது என்று சொன்னால் நம்புவாயா?

எவ்வளவு வேகமாக ஓடினால் போதும் என்று அத்தையிடம் கேட்டேன்.

"ஓடுனவங்களையுந்தான் கொட்டுச்சு. அசையாமப் படுத்துக் கெடந்தவங்களையும் கொட்டுச்சு. நான் எப்படித் தப்பிச்சேன்னு எனக்கே தெரியாதும்மா."

அப்படியென்றால் முடிச்சு அவிழ்ந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா, மாட்டாயா? யாரிடம் கேட்பது?

இந்த மாதம் முழுக்க ஏழாம் நம்பருக்குக் கீழே இருக்கும் பாலத்தோடு திரும்பிவிடுவேன். அதற்கு மேலே கால் போகாது. இன்றைக்குத்தான் கடைசி நாள் என்பதால் தூறலோடு தூறலாக மேலே ஏறினேன். வட்டகொடைப் பக்கம் ரயில் கூவியது. மூடுபனி விலகியபோது அந்த டர்பன்டைன் மரம் தெரிந்தது. நீ போன பிறகு அதிலிருந்த குளவிக் கூட்டை எரித்தார்கள் அல்லவா? அதே கிளையில், பழைய கரிக்குப் பக்கத்திலேயே, புதுசாக ஒன்று தொங்குகிறது. தண்ணீர்க் குடம் அளவுக்கு இருக்கும்.

கயிற்று நுனியை இழுத்தேன். நனைந்திருந்ததால் முதல் இழுப்புக்கு வரவில்லை. இரண்டாவது இழுப்பில் படங்கு காலடியில் விழுந்தது. ஆனால் நான் ஓடவில்லை அக்கா. படங்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல், பின்பக்கமாகவே நடந்து வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கதான் இல்ல? கங்காணிகிட்ட யாரு போய்ச் சொல்றது? நீயா சொல்லப் போற?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னாள். நான் அவள் முழங்காலைப் பார்த்தேன். ஓடுவதை விடு, பாலத்து மேட்டில் ஏறவே அவள் இரண்டு இடத்தில் நிற்கிறாள். நாளைக்கு அவளும் அதே மலையில்தான் நிற்பாள். இத்தனை நாள் நான் பழகியது அவளை விட்டுவிட்டு ஓடுவதற்குத்தானா?

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்குப் பெரட்டில் என் பெயரைக் கூப்பிடும்போது, எல்லோரும் பார்த்தாலும் சரி, அந்தக் கூட்டைப் பற்றிக் கங்காணிக்கு மட்டுமல்ல, கடைசியில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன். அதற்குப் பிறகும் அங்கேதான் அனுப்பினால், அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நிற்பேன். தனியாக ஓட மாட்டேன்.

அதன் பிறகு அம்மாவை எழும்பி நிற்கச் சொன்னேன். ஆணியில் தொங்கிய அவளுடைய படங்கை எடுத்து இடுப்பில் சுற்றி, என் முடிச்சைப் போட்டு, நுனியை அவள் கையில் கொடுத்தேன்.

"இழுங்கம்மா," என்றேன்.

உன் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கச்சி,
நிரோஷா