கீழ் லயத்துக்கு வராத தண்ணீர்

தெமோதரை
சனிக்கிழமை

அன்பு மகன் கஜேந்திரனுக்கு,

அம்மா சுகம், கால்வலியும் அடங்கியிருக்கிறது, தோஹா வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. ஊற்று வற்றுகிறதா இல்லை நாம்தான் வீணாக்குகிறோமா என்று போனில் கேட்டாயே, அதற்கு எனக்குப் பதில் தெரியாது. இத்தனை வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன், புதுப்பிக்கத்தக்க வளம் என்று கரும்பலகையில் எழுதுகிறேன், ஆனால் நம் தலைக்கு மேலிருக்கும் ஊற்றில் எவ்வளவு எடுத்தால் அது தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த முறை மழை பிந்திவிட்டது, அது மட்டும் தெரியும்.

நீ போன பிறகு இங்கே வீட்டுக்கொரு கறுப்பு ஹோஸை ஊற்றிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். இரவு பகலாக யாரும் அதை மூடுவதில்லை. மூடினால் காற்று அடைத்துவிடும், மறுபடி வாயால் உறிஞ்சித்தான் தண்ணீரை வரவழைக்க வேண்டும். அதனால் வாளி நிறைந்த பிறகும் மேல் லயத்து வீடுகளின் தண்ணீர் வாசல் வடிகால் கானில் ஓடிக்கொண்டே இருக்கிறது, கீழ் லயத்துக்குச் சொட்டும் வருவதில்லை. கீழ் லயத்து வரிசையில் கடைசி வீடு ஜீவராணியுடையது. அவளுடைய மாமியார் பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் படுக்கையில் கிடக்கிறார், துணி அலசவும் உடம்பு துடைக்கவும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று யோசித்துப் பார். கொழுந்து பறித்துவிட்டு வந்து ஆற்றுக்கு இறங்கிச் சுமக்கிறாள். இனி முடியாது, மாமியாரைக் கூட்டிக்கொண்டு வெலிமடைக்கு அண்ணன் வீட்டுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு அண்ணன் த்ரீவீலரோடு வருகிறான். போனால் திரும்ப மாட்டாள். ஸ்டேஷன் இறக்கத்தில் விழுந்து நான் காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது, விடிய ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடியவள் அவள். நன்றியை வாயால் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

இன்று கோயிலடியில் கூட்டம் போட்டோம். ஊற்றுக்குக் கீழே தோட்ட நிர்வாகம் கைவிட்ட சிமெண்டுத் தண்ணீர்த் தாங்கி இருக்கிறதல்லவா, ஏற்கெனவே அதைக் கழுவிப் பூசி, லயங்களுக்குக் குழாயும் போட்டாயிற்று. நாளைக்கு எல்லாரும் மலையேறி எல்லா ஹோஸையும் கழற்றித் தண்ணீரைத் தாங்கிக்கு விட்டால், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போகும், மூடினாலும் காற்று அடைக்காது. எல்லாரும் தலையாட்டினார்கள். அழகர் மாமா மட்டும் எழுந்து, "அந்த ஊத்த மொதமொத தோண்டுனவன் நான். என் லீக்ஸ் வாடிப்போனா நீங்களா டீச்சர் சோறு போடுவீங்க?" என்றார். அவர் மனைவி பாக்கியலெட்சுமி மாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அந்தப் பாத்தியில என்னய நட்டிருந்தா நானும் தளதளன்னு இருந்திருப்பேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அழகர் மாமா எழுந்து போய்விட்டார். அவர் ஹோஸ்தான் ஆகப் பெரியது, அது கழன்றால்தான் தாங்கி நிறையும். மற்றவர்களையும் நான் நம்பவில்லை. கூட்டத்தில் தலையாட்டுவது வேறு, மலையேறுவது வேறு.

ஆனாலும் மனதில் நன்றிதான் மிஞ்சுகிறது. காஸ் கிடைக்காமல் எல்லாரும் விறகுக்கு அலைந்த வருடத்தில்கூட ஊற்றுக்கு மேலிருக்கும் காட்டில் யாரும் மரத்தில் கத்தி வைக்கவில்லை, காய்ந்த சுள்ளியைத்தான் பொறுக்கினார்கள். அந்த மரங்கள் நிற்பதால்தான் இன்று சண்டை பிடிக்கவாவது தண்ணீர் இருக்கிறது. உன் குழாயில் வருவது கடலிலிருந்து உப்பைப் பிரித்த தண்ணீர், ஷேவ் எடுக்கும்போது குழாயை மூடு, சிரிக்காதே. பதுளை லத்தீப் நாநாவின் மகன் அலவி இந்த வாரம் தோஹாவுக்குப் புறப்படுகிறார், இதையும் தேயிலைத்தூளையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், கிடைத்ததும் ஒரு மெசேஜ் போட மறக்காதே. நான் பெரிதாகச் சாமி கும்பிடுகிறவள் இல்லை, என்றாலும் மாரியம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா

ஞாயிறு மாலை: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை, இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் நினைத்தது பிழை, வீட்டுக்கு ஒருவராவது மலையேறி வந்தார்கள். அழகர் மாமாவின் ஹோஸைத் தவிர எல்லாம் கழன்றன. அதை யாரும் தொடவில்லை, தாங்கியில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் சேரவில்லை. கீழே த்ரீவீலர் வந்து நின்றது மேலிருந்தே தெரிந்தது. அப்போது அழகர் மாமா கத்தியோடு ஏறி வந்தார். நேரே ஊற்றில் இறங்கித் தன் ஹோஸைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். "என்ன பாக்குறீங்க? காலையில லீக்ஸுக்கு நாலு வாளி குடுத்துருங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அதைத் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். மேலே ஏறி வரும் வழியில் ஜீவராணியின் மாமியாரைப் பாயோடு வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தாராம், பாக்கியலெட்சுமி மாமி சொன்னார். நான் கீழே போய்ச் சேர்ந்தபோது ஜீவராணி வீட்டுக் குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு சேறு வந்தது, பிறகு தண்ணீர். அவள் மாமியாரை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் கதிரையில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினாள். அந்தம்மா நல்ல கையால் வாளியைக் காட்டி இன்னும் ஊற்றச் சொன்னார். "அப்ப நான் சும்மாவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று முனகிக்கொண்டே அண்ணன் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, வெறும் வண்டியோடு வெலிமடைக்குத் திரும்பிப் போனான்.